கண்டதைச் சொன்ன பிள்ளை

காந்தம் ஒன்றை நூலில் கட்டி, பாடசாலை முற்றத்து மணலில் நாய்க்குட்டியைப் போல இழுத்துக்கொண்டு நடந்துபோன ஒரு பெண். அந்த ரீச்சரை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது அந்தக் காட்சிதான். நான்காம் தரத்துப் பிள்ளைகள் வரிசை குலைந்து அவருக்குப் பின்னால் ஓடினார்கள். குதிரை லாடம் போல வளைந்த, சிவப்புப் பூச்சுப் பூசிய காந்தம். விடுமுறைக்குப் போன இடத்தில் வவுனியாவில் தேடி வாங்கி வந்திருந்தார். முற்றத்தின் மறுகரையில் நின்று அவர் நூலைத் தூக்கியபோது, காந்தத்தின் இரண்டு முனைகளிலும் கறுப்பு மயிர் போல ஏதோ அடர்ந்து நின்றது. "ரீச்சர், காந்தத்துக்குத் தாடி முளைச்சிட்டுது!" என்று ஒரு பிள்ளை கத்த, வகுப்பே சிரித்தது. எங்கள் பக்கத்துக் கரையோர மணலில் கலந்து கிடக்கும் கறுப்பு மணல் அது. ரீச்சர் அதைத் தாளொன்றில் தட்டி, விரலால் பரவி, ஒவ்வொரு பிள்ளையாக வந்து பார்க்க விட்டார். தாடிக்குள்ளிருந்து நகத்தளவு துண்டொன்று, விளிம்பெல்லாம் கிழிந்து துருவேறி வெளியே வந்தது. "அது செல் துண்டு ரீச்சர்" என்றான் ஒருவன். எறிகணைச் சிதறலை அவன் வேப்பிலையைக் கண்டு வேப்பிலை என்று சொல்வதுபோலச் சொன்னான். ரீச்சர் சிரிப்பை நிறுத்தவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு அவருடைய முகத்தில் கொஞ்சநேரம் வேலையில்லாமல் நின்றது.

முல்லைத்தீவுப் பக்கத்தில், வற்றாப்பளைக்குப் போகிற வீதியிலிருந்து உள்ளே பிரிந்துபோகும் கிரவல் பாதையொன்றில் இருந்தது அந்தப் பாடசாலை. யுத்தம் முடிந்து சனங்கள் முகாமிலிருந்து திரும்பிவந்து சில வருடங்களே ஆகியிருந்தன. பாதி வகுப்புகள் புதுக் கட்டடத்தில், மீதி தகரக் கொட்டகையில். நான் ஆரம்பப் பிரிவில் தமிழ் படிப்பித்தேன். கனகராயன்குளத்திலிருந்து தினமும் வந்துபோக முடியாததால் பாடசாலைக்குப் பக்கத்திலிருந்த ஆசிரியர் விடுதியில் தங்கினேன். அந்த ரீச்சரும் நானும் ஒரே அறை. என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஆரம்ப வகுப்புகளில் விஞ்ஞானம் என்று தனிப் பாடம் கிடையாது. சுற்றாடல் பாடம் என்ற பெயருக்குள் அது ஒளிந்திருக்கும். பல பாடசாலைகளில் அந்தப் பாடவேளை ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பயிற்சித் தாள்களுக்குப் போய்விடும். எங்கள் பாடசாலையில் மட்டும் போகவில்லை. போகவிடாமல் அவர் பிடித்துவைத்திருந்தார்.

வேம்பின் கிளையொன்றில் பொலித்தீன் பையைக் கட்டிவிட்டு, மத்தியானம் அதற்குள் தண்ணீர் துளிர்த்திருப்பதைக் காட்டுவார். பாடசாலைக் கிணற்றுத் தண்ணீரைத் தகரத்தில் காய்ச்சி வற்றவைத்து, அடியில் படிந்த வெள்ளையை நக்கிப்பார்க்கச் சொல்வார். கரும்பலகையை நடுவில் கோடிட்டுப் பிரித்து, ஒரு பக்கம் 'நினைத்தது' என்றும் மறுபக்கம் 'கண்டது' என்றும் எழுதுவார். சோதனை தொடங்கமுன் பிள்ளைகள் சொல்வதெல்லாம் முதல் பக்கத்தில் போகும்; முடிந்த பிறகு சொல்வது இரண்டாவது பக்கத்தில். இரண்டும் ஒத்துவராத நாட்களில் அவருக்குத்தான் எவ்வளவு சந்தோசம். "நினைச்சது பிழைச்சா ஒரு வெட்கமும் இல்லை. கண்டதை மாத்திச் சொன்னாத்தான் வெட்கம்" என்பார். ஊரிலுள்ள பெரியவர்கள் பலர் கண்டதையெல்லாம் விழுங்கிக்கொண்டு வாழப் பழகியிருந்த காலத்தில், ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு அவர் இதைச் சொல்லிக்கொடுத்தார். அப்போது அதை நான் இப்படி யோசிக்கவில்லை. வகுப்பு கலகலவென்று இருக்கிறது என்று மட்டும் நினைத்தேன்.

அந்த வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். மெல்லிய, கறுத்த, முழங்கையில் பெரிய தழும்புள்ள பெண்பிள்ளை. தாயும் தகப்பனும் யுத்தத்தின் கடைசி மாதங்களில் போய்விட்டார்கள். தாயின் தங்கையும் அவருடைய புருசனும்தான் வளர்த்தார்கள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை அடங்கிப்போய் மூலையில் இருப்பாள் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு அவள் ஏமாற்றம்தான் தருவாள். எதைச் சொன்னாலும் மல்லுக்கு நிற்பாள். பூமி உருண்டை என்று ரீச்சர் சொன்ன நாளில், "சும்மா சொல்லாதேங்கோ ரீச்சர், காட்டுங்கோ" என்றவள் அவள். என்னுடைய தமிழ்ப் பாடத்தில் வந்த கதையில் நரி பேசியபோது, "நரி கதைக்காது. ஊளைதான் விடும். எங்கட வளவுக்குப் பின்னால கேக்கிறது" என்று என்னைத் திருத்தினாள். எனக்கு எரிச்சல் வரும். ரீச்சருக்கோ அவளென்றால் உயிர். "அக்கா, உவள் ஒருத்தி போதும். நான் ரீச்சராய் வந்ததுக்கு உவள் ஒருத்தி போதும்" என்று விடுதிக் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே ஒருநாள் சொன்னார்.

தன்னைப் பற்றி அவர் அதிகம் கதைப்பதில்லை. அவருடைய தகப்பனின் குடும்பம் மலையகத் தோட்டமொன்றிலிருந்து கலவரத்துக்கு அஞ்சி வன்னிக்கு வந்தது. கிளிநொச்சிப் பக்கத்தில் காடு வெட்டி, கிணறு தோண்டி, கச்சான் போட்டு, பிறகு வயலும் செய்தார்கள். அவர் பிறந்தது அந்த மண்ணில்தான். ஆனால் காணிக்குப் பெர்மிற் என்ற உரிமைப் பத்திரம் கடைசிவரை கிடைக்கவில்லை. யாரோ ஒரு அதிகாரி மாறிவரும்போதெல்லாம் எழும்பச் சொல்வார்களோ என்ற பயத்தில் தகப்பன் ஒரு தென்னங்கன்றுகூட வைக்கவில்லையாம். "வைச்சாக் காய்க்கும், காய்ச்சா விட்டிட்டுப் போக மனம் வராது எண்டு சொல்லுவார்" என்று ஒருமுறை சொன்னார். அந்த ஒரு பேச்சை நான் பிறகு பலமுறை நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

காந்தப் பாடம் தொடங்கிய கிழமைக்கு வருகிறேன். 'உமது சுற்றாடலில் கிடைக்கும் பொருட்களைச் சேகரித்து வருக' என்ற மாதிரி ஒரு வரி புத்தகத்தில் இருந்தது. எங்கோ ஒரு நகரத்தில், மின்விசிறிக்குக் கீழே இருந்து எழுதிய நல்ல வரி. அதை எழுதியவர் ஆணி, குண்டூசி, பொத்தான், கரண்டி என்று நினைத்திருப்பார். எங்கள் பிள்ளைகள் அடுத்த நாள் கொண்டுவந்ததில் ஆணியும் கரண்டியும் இருந்தன. அவற்றோடு துப்பாக்கிச் சன்னங்களின் வெற்றுக் கோதுகளும் இருந்தன. அவர்களுடைய சுற்றாடல் அதுதான். ரீச்சர் திடுக்கிட்டுப்போனார். கோதுகளையெல்லாம் தானே ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்கி ஒதுக்கினார். "இனி ஒருத்தரும் வளவில பொறுக்கக் கூடாது. குசினிச் சாமான் மட்டும்தான். சுவரில ஒட்டியிருக்கிற படத்தில கிடக்கிற சாமான் எதையும் கண்டா என்ன செய்யிறது?" என்று கேட்டார். "தொடாதே, கிட்டப் போகாதே, பெரியாக்களுக்குச் சொல்லு" என்று வகுப்பு ஒரே குரலில் சொன்னது. ஒவ்வொரு வகுப்பிலும் அந்த எச்சரிக்கைப் படம் ஒட்டியிருந்தது. மிதிவெடி, கைக்குண்டு, செல் என்று வரிசையாக வரைந்து வண்ணம் பூசிய படம்.

ஆனால் அதற்குள் அந்தப் பிள்ளை இரண்டு கோதுகளைக் காந்தத்தில் ஒட்டிப் பார்த்துவிட்டாள். இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு. ஒன்று ஒட்டியது, மற்றது ஒட்டவில்லை. "ஏன் ரீச்சர்?" என்றாள். ஒன்று முழுக்கப் பித்தளை, மற்றது உள்ளே இரும்பு, வெளியே பூச்சு மட்டும்தான் அந்த நிறம் என்று ரீச்சர் விளங்கப்படுத்தினார். "அப்ப பாத்துச் சொல்ல ஏலாது, ஒட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்றாள் அவள். "ஓம்" என்றார் ரீச்சர். வேறென்ன சொல்ல முடியும்? அது சரியான மறுமொழி.

அடுத்த கிழமை ஒரு காலை. பக்கத்துக் கொட்டகையில் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டு வகுப்புக்கும் நடுவில் இடுப்பளவுத் தட்டிதான். ரீச்சரின் குரல் சட்டென்று நின்றது. திரும்பிப் பார்த்தேன். அந்தப் பிள்ளை மேசைக்கு முன்னால் நிற்கிறாள். இரண்டு கைகளுக்குள்ளும் முட்டையைவிடக் கொஞ்சம் பெரிய ஏதோ ஒன்று. மண் ஒட்டியிருந்தது, நுனியில் மட்டும் தேய்த்துத் துடைத்திருந்த இடம் பொன்போல மினுங்கியது.

"இது ஒட்டுமோ ரீச்சர்?" என்று கேட்டாள்.

ரீச்சர் எழுந்த விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கதிரை சத்தம் போடவில்லை. "அக்கா, உங்கட வகுப்பையும் என்ர வகுப்பையும் கோயிலடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. பையளை விட்டிட்டு. ஓடக் கூடாது, நடந்து" என்று, சோறு வடிக்கச் சொல்கிற அதே தொனியில் சொன்னார். பிறகு அவளைப் பார்த்து, "நீ அசையாதை குஞ்சு. நல்ல சாமான் கொண்டு வந்திருக்கிறாய். நான் வாங்கிறன்" என்றார். நான் பிள்ளைகளை நடத்திக்கொண்டு வெளியேறும்போது அவர் முழங்காலில் இருந்து, தன் கைகளை அவளுடைய கைகளுக்குக் கீழே கொண்டுபோய்க்கொண்டிருந்தார். வாசலைத் தாண்டும்போது அவளுடைய குரல் கேட்டது. சண்டைக்கு நிற்கிற அதே குரல். "நான் பொறுக்கேல்ல ரீச்சர். சித்தப்பா கக்கூசுக் குழி வெட்டேக்க வந்தது. நான் படத்தையும் பாத்தனான். படத்தில இது இல்லை."

படத்தில் அது இல்லைதான். பிறகு நானே போய்ப் பார்த்தேன். அந்தப் பிள்ளை சரியாகத்தான் பார்த்திருந்தாள்.

அவளை அனுப்பிவிட்டு ரீச்சர் அதை வகுப்பு மூலையிலிருந்த மணல்தட்டில் வைத்தார். சின்னப் பிள்ளைகள் அ, ஆ எழுதிப் பழகும் தட்டு அது. அதிபர் தொலைபேசியில் சொல்ல, குண்டு அகற்றுகிற படையினர் வந்தார்கள். ஏவிவிடுகிற சிறிய குண்டு, வெடிக்காமல் மண்ணுக்குள் கிடந்திருக்கிறது என்றார்கள். பாடசாலைக்குப் பின்னாலிருந்த வெட்டைவெளிக்குக் கொண்டுபோய் வெடிக்கவைத்தார்கள். வெடிக்கப்போகிறது, பயப்படவேண்டாம் என்று நாங்கள் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லித்தான் வைத்திருந்தோம். ஆனாலும் சத்தம் கேட்ட அந்தக் கணத்தில், கோயில் முன்றலில் நின்ற அத்தனை பிள்ளைகளும் குப்புற விழுந்து படுத்தார்கள். ஒருவரும் சொல்லவில்லை. ஒருவரும் அழவில்லை. கைகள் காதுகளை மூடியிருந்தன. வாய்கள் திறந்திருந்தன, செவிப்பறை கிழியாமலிருக்கப் பழகியபடி. நானும் படுத்திருந்தேன். கொஞ்சநேரத்தில் ஒரு குட்டிப் பிள்ளை தலையைத் தூக்கி, "முடிஞ்சுதா, இன்னும் வருமா?" என்று என்னைக் கேட்டது. நாங்கள் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த எந்தப் பாடமும் அவர்களுக்கு அவ்வளவு திறமாகப் பாடமாகவில்லை.

விசாரணை நடந்தது. மேலிடத்திலிருந்து ஒரு கல்வி அதிகாரி வந்தார். ஊருக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் ஒருவரும் வந்தார். பிள்ளைகளை வெளியேற்றியவள் என்பதால் என்னையும் அதிபரின் அறைக்குள் இருக்கச் சொன்னார்கள். அந்தப் பிள்ளையும் அவளை வளர்த்த சின்னம்மாவும் ஓரமாக நின்றார்கள். ஒருவருக்கும் கதிரை கொடுக்கவில்லை.

"வெடிபொருள் பொறுக்கிக்கொண்டு வரச் சொல்லிப் புத்தகத்தில கிடக்கோ?" என்று அதிகாரி கேட்டார்.

"சுற்றாடலில கிடைக்கிற பொருளைச் சேகரிக்கச் சொல்லிக் கிடக்கு, சேர்" என்றார் ரீச்சர்.

"அது எல்லா இடத்துக்கும் பொதுவாப் போட்டது. இடத்தைப் பாத்துத்தானே படிப்பிக்க வேணும்?"

இடத்தைப் பார்த்து. அந்த அறைக்கு வெளியே ஒரு மூத்த ஆசிரியை இன்னொருவரிடம், "மலைநாட்டு ஆக்களுக்கு இந்த மண்ணைப் பற்றி என்ன தெரியும்" என்று சொன்னது எங்கள் காதில் விழுந்தது. ரீச்சரின் காதிலும் விழுந்தது. இந்த மண்ணில் பிறந்து, நோயாளித் தாயை முதுகில் சுமந்துகொண்டு சண்டை முடிந்த கடைசிக் கடற்கரைவரை நடந்து, அங்கேயே தாயைப் புதைத்துவிட்டு வந்த பெண்ணைப் பற்றிய பேச்சு அது.

ஆனால் விசாரணை உண்மையில் ரீச்சரைப் பற்றியது அல்ல என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எனக்கு விளங்கியது. அந்தப் பிள்ளையின் வீடிருந்த ஒழுங்கையிலுள்ள காணிகளெல்லாம் வெடிபொருள் அகற்றியாயிற்று என்று சொல்லி, மேடை போட்டுச் சனங்களிடம் ஒப்படைத்தவை. வளவுக்குள்ளிருந்துதான் குண்டு வந்தது என்றால், ஒழுங்கை முழுவதையும் திரும்பக் கயிறு கட்டி மூட வேண்டும். வீட்டுத்திட்ட வேலை நின்றுபோகும். அத்திவாரம் போட்டுவிட்டு நின்ற குடும்பங்களெல்லாம் வெளியேற வேண்டும். ஒப்படைத்தவர்கள் தலைகுனிய வேண்டும். ஆகவே உத்தியோகத்தர் மெதுவாக, "பிள்ளை அதைக் காட்டுக்கரைப் பக்கம், மிதிவெடிச் சிவப்புப் பலகைக்கு அங்கால போய் எடுத்திருக்கு. அப்பிடித்தானே?" என்று சின்னம்மாவிடம் கேட்டார்.

சின்னம்மா நிலத்தைப் பார்த்தபடி, "ஓமய்யா" என்றார்.

"இல்லை!" என்றாள் பிள்ளை. "வளவுக்குள்ளதான். முதிரை மரத்துக்குக் கிட்ட. சித்தப்பா வெட்டின குழிக்குள்ள. நான் கண்டனான்."

சின்னம்மாவின் கை அவளுடைய வாயில் விழுந்தது. பிள்ளை அழவில்லை. ரீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். கண்டதைச் சொல்லச் சொன்னவர் அங்கே நிற்கிறார். இனி அவர் சொல்வார் என்ற நம்பிக்கையோடு பார்த்தாள். அந்த முகத்தை நான் விவரிக்கப்போவதில்லை.

ரீச்சர் சின்னம்மாவைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பிள்ளை பிழையாச் சொல்லுது, சேர். காட்டுக்கரையில போய்ப் பாத்து எடுத்துக்கொண்டு வரச் சொன்னது நான்தான்."

அறையிலிருந்த எல்லாரும் மூச்சுவிட்டார்கள். ஒருவருக்கும் அதில் நம்பிக்கையில்லை. எல்லாருக்கும் அது போதுமாக இருந்தது.

அன்று பின்னேரம் விடுதியில் நான் அவரோடு சண்டை பிடித்தேன். "ஏனப்பா அப்பிடிச் சொன்னனீர்? உம்மட வேலை போகும், பேர் போகும். அந்தப் பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கிப்போட்டீர்" என்று கத்தினேன். அவர் கட்டிலில் இருந்து தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, அந்த மனிசி இப்பத்தான் அத்திவாரம் போட்டவா. நிண்டுபோனா அந்த வீடு திரும்ப வராது. அப்பா இருபது இருபத்தஞ்சு வருசம் ஒரு தென்னை வைக்காமல் இருந்தவர். உங்களுக்கு அது விளங்காது" என்றார். எனக்கு விளங்கியது. விளங்கியதால் கோபம் குறையவில்லை.

வளவுக்குள் இன்னும் கிடக்கலாம் என்பது அவருக்கும் தெரியும். அந்தச் சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு, வெடிபொருள் அகற்றுகிறவர்களின் முகாமுக்குப் போனார். அங்கே பொறுப்பாக இருந்த தம்பி மரியாதையான ஆள். பிளேன்ரீ தந்து, எல்லாவற்றையும் கேட்டார். "ரீச்சர், ஒப்படைச்ச காணிக்குள்ள நாங்கள் நினைச்சபடி இறங்க ஏலாது. நீங்கள் எழுத்தில தாங்கோ, நான் மேல அனுப்புறன். ஆனால் அண்டைக்கு நீங்கள் சொன்னது பொய்யெண்டு வரும்" என்றார். "வரட்டும், எழுதித்தாறன்" என்றார் ரீச்சர். அதற்குள் எப்படியோ செய்தி போய், நாங்கள் விடுதிக்குத் திரும்பும்போது சின்னம்மா வாசலில் நின்றார். "எழுதாதேங்கோ ரீச்சர். உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். எங்கட வளவைக் கிண்டினா நாங்கள் திரும்பவும் தறப்பாள் கொட்டிலுக்குள்ளதான். நாங்கள் பாத்து இருக்கிறம். அந்தப் பக்கம் போகமாட்டம்" என்று அழுதார். ரீச்சர் அவரைத் தோளில் பிடித்து வாசற்படியில் இருத்தினார். பிறகு, "அந்தப் பக்கம் மண்வெட்டி வைக்காதேங்கோ. குப்பை கொளுத்தாதேங்கோ. சத்தியமாச் சொல்லுங்கோ" என்றார். சின்னம்மா சத்தியம் பண்ணினார். அந்தக் கடிதம் எழுதப்படவில்லை.

ஒரு மாதத்துக்குள் இடமாற்றம் வந்தது. பூநகரிப் பக்கம், பரவைக்கடலோரத்தில் ஒரு சின்னப் பாடசாலை. தண்டனை என்று ஒருவரும் சொல்லவில்லை. சேவையின் தேவை என்றார்கள். போகிற நாளில் ரீச்சர் வகுப்புக்குப் போய்ப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டு வந்தார். எல்லாரும் அழுதார்கள், அவளைத் தவிர. பஸ்ஸுக்கு நின்றபோது அவள் தனியாக வந்தாள். நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"ரீச்சர், நான் கண்டது பொய்யோ?"

"இல்லையம்மா. நீ கண்டது சரி."

"அப்ப ஏன் பிழையெண்டு சொன்னனீங்கள்?"

எத்தனையோ கேள்விகளுக்குச் சளைக்காமல் மறுமொழி சொன்ன மனிசி, அன்று என் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் காணி, பெர்மிற், வீட்டுத்திட்டம் என்று எதைச் சொல்லி விளங்கப்படுத்துவது? அதன் பிறகு அந்தப் பிள்ளை என்னுடைய வகுப்பிலும் கை உயர்த்தவில்லை. நரி பேசினாலும் கேட்டுக்கொண்டு இருந்தாள். நல்ல பிள்ளையாகிவிட்டாள் என்று மற்ற ஆசிரியர்கள் சொன்னார்கள்.

வீடு எழும்பியது. கூரை போட்டார்கள், பால் காய்ச்சினார்கள். வருடங்கள் போயின. ஒரு வளவில் இருந்துகொண்டு எத்தனை காலத்துக்குத்தான் குப்பை கொளுத்தாமல் இருப்பது? ஒரு மாரி முடிந்த கையோடு சின்னம்மா முதிரைச் சருகைக் கூட்டி, முன்பெல்லாம் செய்வதுபோல அந்த மூலையில் நெருப்பு வைத்தார். வெடித்தது. வலது கண்ணும் அந்தக் கையின் மூன்று விரல்களும் போயின. அதற்குப் பிறகு கயிறு கட்டினார்கள், வளவைத் தேடினார்கள், இன்னும் சிலவற்றை எடுத்தார்கள். எல்லாம் அந்தப் பிள்ளை சொன்ன இடத்தில். வந்தவர்கள் எதிர்பாராத விபத்து என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எதிர்பாராத என்ற சொல்லை நான் எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுத்துப் பிழையில்லாமல் எழுதப் பழக்கியிருக்கிறேன்.

நான் ஓய்வுபெற்று ஊரோடு வந்துவிட்டேன். போன வைகாசி வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனபோது, சன நெரிசலில் ஒரு இளம்பெண் கறுப்புக் கண்ணாடி போட்ட அம்மா ஒருவரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். முழங்கைத் தழும்பைக் கண்டுதான் அடையாளம் பிடித்தேன். ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாளாம். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்டிருக்கிறாள். கிட்டடியில் எந்தப் பாடசாலையிலும் அந்தப் பிரிவு இல்லை, சின்னம்மாவை விட்டுத் தூரத்துக்குப் போகவும் முடியாது, கலைப்பிரிவில் படித்து அதோடு நின்றுவிட்டாள். வேப்பமரத்துக்குக் கீழே சின்னம்மாவை இருத்திவிட்டு என்னோடு கொஞ்சம் தள்ளி நின்று கதைத்தாள்.

"ரீச்சர் அண்டைக்கு எங்களுக்காகத்தான் அப்பிடிச் சொன்னவா எண்டு இப்ப எனக்குத் தெரியும்" என்றாள். "ஆனா சின்னம்மா சில நேரம் கேக்கிறவா, ரீச்சர் உள்ளதைச் சொல்லியிருந்தா அண்டைக்கே வளவைத் தேடியிருப்பினம்தானே எண்டு. தான் கும்பிட்டுக் கேட்டதை மறந்துபோட்டா. நானும் ஞாபகப்படுத்திறேல்ல." பிறகு, "ரீச்சரைக் கண்டா நான் சுகமா இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ. சின்னம்மாவின்ர கண்ணைப் பற்றிச் சொல்லாதேங்கோ" என்றாள். கண்டதை மறைக்கச் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல்தடவையாக இருக்க வேண்டும்.

அடுத்த மாதம் பூநகரிக்குப் போனேன். ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் மற்றது மத்தியானத்துக்குத்தான் என்ற பாதை. உப்புக் காற்று, ஆளில்லா வெளி, தூரத்தில் பரவைக்கடல். ரீச்சர் இன்னும் அதே பாடசாலையில்தான். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் கைகளைப் பிடித்துக்கொண்டு, முதல் கேள்வியாக, "அவளைக் கண்டனீங்களோ அக்கா?" என்றார். கண்டேன், சுகமாக இருக்கிறாள் என்றேன். "படிச்சவளோ?" என்றார். "ஓம், உயர்தரம் வரைக்கும்" என்றேன். "சயன்ஸோ?" என்று கேட்டார். நான் இல்லையென்று தலையாட்டினேன். அவர் என் கைகளை விட்டார். அந்த வெடி விபத்தின் செய்தி பூநகரிக்கும் வந்திருக்கும். அவருக்குத் தெரியுமோ தெரியாதோ என்று அவருடைய முகத்திலிருந்து எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் சொல்லவுமில்லை.

மணி அடித்தது. "இருங்கோ அக்கா, ஒரு பாடம் கிடக்கு, முடிச்சிட்டு வாறன்" என்று போனார். நான் விறாந்தை வாங்கில் உட்கார்ந்திருந்தேன். வகுப்புக்குள்ளிருந்து பிள்ளைகளின் குரல் ஒரே தாளத்தில் வந்தது. "நீர் மூன்று நிலைகளில் காணப்படும். நீர் மூன்று நிலைகளில் காணப்படும்." ரீச்சர் ஒரு வரி சொல்ல, அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். மேசையில் காய்ச்சத் தகரமில்லை, தண்ணீரில்லை, ஒன்றுமில்லை. அந்த நேரம் பார்த்துக் கடல் பக்கமிருந்து மழை இறங்கியது. மாதக்கணக்காகக் காய்ந்து கிடந்த வெளிக்கு மேலால் வெள்ளையாக வந்து, பாடசாலை முற்றத்துச் சுடுமணலில் விழுந்து, விழுந்த இடமெல்லாம் மெல்லிய ஆவி எழும்பியது. உள்ளே கதிரைகள் உரசும் சத்தம் கேட்டது. சில பிள்ளைகள் எட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

"வெளியில ஒண்டுமில்லை" என்றது ரீச்சரின் குரல். "புத்தகத்தைப் பாருங்கோ."